பேணுவோரைப் பேணுவோம்

சேலத்திலோ தருமபுரியிலோ உள்ள பெரிய மருத்துவமனைகளில் உறவினரைச் சேர்த்துப் பார்த்தவர்களுக்குச் செவிலிய மாணவியர் புதியவர்கள் அல்லர். காலையில் சீருடையுடன் வந்து இரத்த அழுத்தம் பார்ப்பவர்கள், வெப்பநிலையைக் குறித்துக்கொள்பவர்கள், படுக்கை விரிப்பை மாற்றுபவர்கள், முதியவரின் கையைப் பிடித்துக் கழிவறை வரை அழைத்துச் செல்பவர்கள் பெரும்பாலும் இவர்களே. நான்காண்டு பி.எஸ்ஸி. நர்சிங், மூன்றாண்டு ஜி.என்.எம்., இரண்டாண்டு ஏ.என்.எம். என்று படிப்பு எதுவாயினும், பெரும்பாலோர் பதினேழு முதல் இருபத்திரண்டு வயதுக்குட்பட்டவர்கள். பொம்மிடி, கடத்தூர், பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் எனச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் மலைக் கிராமங்களிலிருந்தும் சென்று படிப்பவர்கள் பலர். அவர்களில் பலர் தம் குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். ஆண்களும் இப்படிப்பில் சேர்கின்றனர். இங்கே மாணவியர் என்று குறிப்பிடுவன யாவும் அவர்களுக்கும் பொருந்தும்.

பொது மருத்துவர் என்ற முறையில் இம்மாணவியரை நான் நோயாளிகளாகவும் காண்கிறேன். மயக்கம், தலைச்சுற்றல், நெஞ்செரிச்சல், அடிக்கடி வரும் சிறுநீர்த்தொற்று, ஒழுங்கற்ற மாதவிலக்கு, உறக்கமின்மை ஆகியவை அவர்கள் கொண்டுவரும் வழக்கமான குறைகள். உடன் வரும் பெற்றோர் கேட்கும் கேள்வியும் வழக்கமானதே: “நர்சிங் படிக்கிற பிள்ளைக்கு இது தெரியாதா, டாக்டர்?”

தெரியும் என்பதே என் விடை. இரும்புச்சத்து எந்த உணவில் உள்ளது, எத்தனை மணி நேரம் உறங்க வேண்டும், எவ்வளவு நீர் அருந்த வேண்டும் என்பதையெல்லாம் முதலாண்டிலேயே படித்துத் தேர்வும் எழுதிவிடுகிறார்கள். அறிந்ததைக் கடைப்பிடிக்க அவர்களுடைய அன்றாடம் இடம் தருவதில்லை. ஆகவே மாணவியரின் உடல்நலக் குறைவை அவர்களுடைய கவனக்குறைவாக மட்டும் பார்ப்பது தவறு என்றும், அது நோயாளிகளின் பாதுகாப்போடு நேரடியாகத் தொடர்புடையது என்றும் நான் கருதுகிறேன். இதனை மாற்றும் பொறுப்பில் கல்லூரிக்கும் மருத்துவமனைக்கும் பெற்றோருக்கும், ஓரளவு நோயாளிகளாகிய உங்களுக்கும் பங்குண்டு.

ஒரு நாளின் கணக்கு

ஒரு மாணவியின் நாளை எண்ணிப் பாருங்கள். காலைப் பணிக்கு ஏழரை மணிக்குள் வார்டில் நிற்க வேண்டுமாயின் ஐந்து மணிக்கே எழ வேண்டும். விடுதியில் குளியலறைக்கு வரிசை. உணவுக்கூடத்தில் இன்னொரு வரிசை. ஊரிலிருந்து சென்று வருபவராயின் அதிகாலைப் பேருந்தையோ தொடர்வண்டியையோ பிடிக்க வேண்டும். இந்த அவசரத்தில் முதலில் கைவிடப்படுவது காலை உணவு. பத்தரை மணிக்கு ஒரு தேநீரும் பன்னும் கிடைத்தால் உண்டு. மதிய உணவு இரண்டு மணிக்கோ அதற்குப் பின்னரோ. பிற்பகலில் வகுப்பு. மாலையில் துணி துவைத்து, இரவு உணவு முடித்து, ரெக்கார்டு நோட்டு எழுத அமர்ந்தால் நள்ளிரவு ஆகிவிடும். மறுநாள் மீண்டும் ஐந்து மணி.

இந்தக் கணக்கில் உறக்கத்திற்கு ஐந்து மணி நேரமே மிஞ்சுகிறது. நிம்மதியாக அமர்ந்து உண்பது ஒரு வேளை மட்டுமே. நடைப்பயிற்சிக்கோ விளையாட்டுக்கோ நேரமே இல்லை. வார்டில் பல மணி நேரம் நிற்பதும் நடப்பதும் உடற்பயிற்சிக்கு ஈடாகிவிடும் என்று சிலர் எண்ணுகின்றனர். நெடுநேரம் நிற்பது கால்களையும் இடுப்பையும் களைப்புறச் செய்யுமேயன்றி, இதயத்துக்கும் தசைக்கும் முறையான பயிற்சியின் பலனைத் தருவதில்லை.

குறைந்துபோன இரத்தம்

2019-21இல் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுடைய பெண்களில் ஏறத்தாழ 53 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. இரண்டில் ஒருவருக்கு மேல் என்பது இதன் பொருள். செவிலியக் கல்லூரியில் சேரும் பெண்ணும் இந்தப் பெண்களிடையேயிருந்துதான் வருகிறாள். கருத்தரிக்காத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் அது இரத்தசோகை. படியேறினால் மூச்சு வாங்குதல், படித்தது மனத்தில் நில்லாமை, முடி உதிர்தல், எளிதில் எரிச்சல் அடைதல் ஆகியவை இதன் அடையாளங்கள். பச்சரிசி, சாம்பல், மண், ஐஸ்கட்டி இவற்றைத் தின்னும் ஆசையும் இரும்புச்சத்துக் குறைவின் அறிகுறியாக இருக்கலாம். இதைக் கெட்ட பழக்கம் என்று அதட்டுவதைவிட இரத்தத்தைப் பரிசோதிப்பதே பயனளிக்கும்.

பள்ளிப் பருவத்தில் அரசின் திட்டத்தால் வாரம் ஒருமுறை இரும்புச்சத்து மாத்திரையும், ஆறு மாதத்திற்கு ஒருமுறை குடற்புழு நீக்க மாத்திரையும் ஆசிரியர் கையால் கிடைத்தன. பள்ளியை விட்டதும் பலருக்கு அந்தத் தொடர்பு அறுந்துவிடுகிறது. மாதவிலக்கால் இரும்பு இழப்பு தொடர்கிறது. வீட்டில் தாய் வற்புறுத்தி ஊட்டிய கீரையும் களியும் விடுதியில் இல்லை. இழப்பு தொடர்ந்து வரவு குறைந்தால் இருப்பு கரைவது இயல்புதானே!

நம் மாவட்டத்து உணவிலேயே இதற்கு வழி உள்ளது. நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உண்டு. அரிசியோடு ஒப்பிட்டால் பல மடங்கு. சாமை, கம்பு, முருங்கைக்கீரை, கொள்ளு, மொச்சை, நிலக்கடலை, முட்டை ஆகியவை எட்டாத விலைப் பொருள்கள் அல்ல. தாவர உணவிலுள்ள இரும்பு உடலில் நன்கு சேர எலுமிச்சை, நெல்லி, கொய்யா போன்ற வைட்டமின் சி நிறைந்த கனிகள் துணைபுரியும். உணவோடு சேர்த்துத் தேநீரோ காப்பியோ அருந்தினால் இரும்பு உட்கிரகிக்கப்படுவது வெகுவாகக் குறையும்; ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். காலை உணவுக்குப் பதிலாகத் தேநீர் அருந்தும் மாணவிக்குச் சத்துக் கிடைக்காத இழப்போடு இந்த இழப்பும் சேர்கிறது.

இரத்தசோகை ஏற்பட்ட பின் உணவு மட்டும் போதாது, மாத்திரை தேவை. ஹீமோகுளோபின் அளவு சரியான பின்னரும் ஏறத்தாழ மூன்று மாதங்கள் அதைத் தொடர வேண்டும். அப்போதுதான் உடலின் இருப்பு நிரம்பும். மலம் கறுத்துப் போவதைக் கண்டு அஞ்சிப் பாதியில் நிறுத்துகின்றனர். அந்தக் கறுப்பால் தீங்கில்லை. மாதவிலக்கில் இரத்தப்போக்கு மிகுதியாக இருப்பின் அதையும் மருத்துவரிடம் கூச்சமின்றிச் சொல்ல வேண்டும்.

உறக்கம் யாருடைய நலன்?

உறக்கக் குறைவை மாணவியின் சொந்தச் சிரமமாக மட்டும் நாம் பார்க்கிறோம். 1997இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு வேறு விதமாகப் பார்க்கச் சொல்கிறது. தொடர்ந்து பதினேழு மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கைத்திறனும், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது இருப்பவரின் நிலைக்குத் தாழ்ந்துவிடுவதாக அது கண்டது. நம் நாட்டில் வாகனம் ஓட்டுவோருக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு 0.03 விழுக்காடு. அமெரிக்காவில் 2004இல் வெளியான இன்னோர் ஆய்வில், பன்னிரண்டரை மணி நேரமோ அதற்கு மேலோ தொடர்ந்து பணியாற்றிய செவிலியர் பிழை செய்யும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்காக உயர்ந்தது.

மருந்தின் பெயரைப் படிப்பதும், துளிகளை எண்ணுவதும், ஒரு படுக்கைக்குரியதை மறு படுக்கைக்கு மாற்றாமல் கொடுப்பதும் விழிப்பான கண்களைக் கோரும் வேலைகள். மாணவியின் பணியைச் செவிலியர் மேற்பார்வையிடுகிறார். அது ஒரு காப்பு. ஆயினும் அந்தக் காப்பையே நம்பி, உறங்காத பெண்ணைப் படுக்கையருகே நிறுத்துவது முறையன்று. அவள் உறங்குவதில் படுத்திருக்கும் நோயாளிக்கும் நலன் உண்டு.

இரவுப் பணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரவில் யாரேனும் விழித்திருந்தால்தான் மருத்துவமனை இயங்கும். அப்பணியை ஒழிக்க முடியாது. ஆனால் அதற்கு உடல் ஒரு விலை கொடுக்கிறது. அமெரிக்காவில் 1976இல் தொடங்கிய செவிலியர் உடல்நல ஆய்வில் ஒரு இலட்சத்து இருபதாயிரத்திற்கும் மேற்பட்ட செவிலியர் பங்கேற்றுப் பல்லாண்டுகள் தம் உணவு, உறக்கம், பணி நேரம், நோய் ஆகியவற்றை எழுதியனுப்பினர். புகைப்பழக்கம், கொழுப்பு வகைகள், உடற்பயிற்சி பற்றி நாங்கள் உங்களுக்குக் கூறும் அறிவுரைகளில் கணிசமான பகுதி அச்செவிலியர் தந்த விவரங்களிலிருந்து பெற்றது. மாறி மாறி இரவுப் பணியில் பல்லாண்டு கழித்தோருக்கு நீரிழிவும் இதயநோயும் மிகுதியாக வருவதும் அதே ஆய்வில் தெரியவந்தது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இல் உடற்கடிகாரத்தைக் குலைக்கும் இரவுப் பணியைப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியவற்றின் பட்டியலில் வைத்தது. 2019இல் அதை மறுபடி உறுதிசெய்தது. இவை நெடுங்காலப் பணியின் விளைவுகள். மாணவியர் உடனே அஞ்ச வேண்டியதில்லை. இரவுப் பணி முடித்தவரை மறுநாள் வகுப்பில் அமர்த்தாமல் உறங்கவிடும் பழக்கத்தைக் கல்லூரி நாளிலேயே தொடங்க வேண்டும் என்பதற்கு இவை போதிய காரணங்கள்.

மாணவியரின் பங்கையும் மறைக்க வேண்டியதில்லை. கிடைக்கும் ஐந்து மணி நேரத்திலும் ஒரு மணி நேரத்தைக் கைப்பேசி தின்றுவிடுகிறது. பகலெல்லாம் பிறர் ஏவலில் ஓடியவர்களுக்கு இரவின் அந்த ஒரு மணி நேரம்தான் சொந்தமானது; அதனால் விட மனமில்லை. இதைப் புரிந்துகொண்டு, பகலிலேயே அரைமணி ஓய்வு கிடைக்கச் செய்தால் கண்டிப்பைவிட நல்ல பலன் தரும்.

தொற்றின் வாயிலில்

மருத்துவமனை நோய் தீருமிடம். நோய் தொற்றுமிடமும் அதுவே. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் செவிலிய மாணவியரிடையே நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஓராண்டில் நூற்றுக்கு ஏழெட்டு மாணவியருக்குப் புதிதாகக் காசநோய்க் கிருமி தொற்றியிருந்தது. பொதுமக்களிடையே அக்காலத்து நாட்டுச் சராசரி நூற்றுக்கு ஒன்றரை என்று மதிப்பிடப்பட்டிருந்தது. கிருமி தொற்றியவர் எல்லாரும் நோயாளி ஆவதில்லை. உடல் வலுவுடன் இருந்தால் கிருமி அடங்கிக் கிடக்கும். மெலிந்த உடலில் அது தலைதூக்குகிறது. ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் வீட்டாருக்குக் கூடுதல் சத்துணவு வழங்கிப் பார்த்த ஆய்வு 2023இல் வெளியானது. உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாக நோய் வருவது ஏறத்தாழ நாற்பது விழுக்காடு குறைந்தது. காலை உணவைத் தவிர்க்கும் மாணவியைப் பற்றி நான் கவலைப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஹெபடைட்டிஸ் பி எனும் மஞ்சள் காமாலைக்குத் தடுப்பூசி உண்டு. தொடக்கத்தில் ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதத்தில் ஒன்று என மூன்று தவணைகள். வார்டில் ஊசியைக் கையில் எடுக்கும் முன்பே இதைத் தொடங்கிவிட வேண்டும். தவறி ஊசி குத்திவிட்டால், திட்டுவார்களே என்று மறைக்காமல் அன்றே தெரிவிக்க வேண்டும், எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை எவ்வளவு விரைவில் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, எழுபத்திரண்டு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தெரிவிப்பவரைத் தண்டிக்காத சூழல் இருந்தால்தான் அவர்கள் தெரிவிப்பார்கள்.

நீர் அருந்துவதிலும் ஒரு சிக்கல் உண்டு. சீருடையுடன் பயன்படுத்தத் தூய கழிவறை அருகில் இல்லை என்பதால் பல மாணவியர் பணி நேரத்தில் வேண்டுமென்றே நீரைத் தவிர்க்கின்றனர். நம் ஊர் வெயிலில் இது எளிதில் சிறுநீர்த்தொற்றில் முடிகிறது. மாதவிலக்கு நாள்களில் அணையாடையை மாற்ற இடமின்றி எட்டு மணி நேரம் கழிப்பவர்களும் உண்டு. இதற்கு மருந்துச்சீட்டில் தீர்வு இல்லை. பூட்டும் தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள ஒரு கழிவறையே தீர்வு.

மனத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பதினெட்டு வயதில் ஒரு மரணத்தை முதன்முதலாக அருகில் நின்று பார்க்கிறார்கள். அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த படுக்கைக்குச் செல்ல வேண்டும். ஊரும் நினைவில் வருத்தும். கட்டணத்துக்காக வீட்டார் வாங்கிய கடனும் வருத்தும். பசியின்மை, ஓயாத அழுகை, வாழ்வில் வெறுப்பு எனத் தோன்றினால் பேச ஆள் வேண்டும். 14416 எனும் டெலி மனஸ் தொலைபேசி எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். மாணவியர் மட்டுமன்றி நீங்களும் பயன்படுத்தலாம்.

“நாங்களும் அப்படித்தான் வளர்ந்தோம்”

இக்கருத்துக்கு மறுப்பு உண்டு என்பதை அறிவேன். “நாங்களும் பட்டினி கிடந்துதான் படித்தோம், கஷ்டம் பழகினால்தான் இந்த வேலைக்கு ஆகும்” என்று மூத்த செவிலியரும் மருத்துவரும் பெற்றோரும் கூறுவதுண்டு. அவர்களுடைய உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் பட்டினி எவருக்கும் திறமையைக் கற்பித்ததில்லை. நைட்டிங்கேல் அம்மையார் 1860இல் இலண்டனில் தொடங்கிய பயிற்சிப் பள்ளியிலேயே மாணவியருக்கு உணவும் உறைவிடமும் பயிற்சியின் ஒரு பகுதியாக வழங்கப்பட்டன. ஆக, பயில்வோரின் உணவையும் உறைவிடத்தையும் கல்விக்கூடம் கவனிப்பது இன்று புகுந்த சலுகை அன்று. இக்கல்வி பிறந்தபோதே உடன் வந்த ஏற்பாடு.

இன்னொன்றும் உண்டு. பதினெட்டு வயதில் படியும் பழக்கம் முப்பது ஆண்டுகள் தொடரும். வேலைக்கு இடையே உண்ணாதிருப்பதே கடமை என்று கற்றுக்கொண்டவர், நாளை நீரிழிவு நோயாளியிடம் “வேளைக்குச் சாப்பிடுங்கள்” என்று எந்த உறுதியோடு சொல்வார்?

யார் என்ன செய்யலாம்?

கல்லூரிகளும் மருத்துவமனைகளும் பெருஞ்செலவின்றிச் செய்யக்கூடியவை உண்டு. காலைப் பணிக்கு முன் எடுத்துச் செல்லத்தக்க உணவுப் பொட்டலம், வார்டில் மாற்றி மாற்றி இருபது நிமிட உணவு இடைவேளை, மாணவியருக்கெனக் குடிநீரும் கழிவறையும், சேரும்போதும் ஆண்டுதோறும் ஹீமோகுளோபின் பரிசோதனை, தடுப்பூசிப் பதிவேடு, இரவுப் பணிக்குப் பின் கட்டாய ஓய்வு. இவை எழுத்தில் இருந்தால் போதாது, வார்டில் நடைபெற வேண்டும்.

பெற்றோர் சேர்க்கையின்போது கட்டணத்தையும் வேலைவாய்ப்பையும் மட்டும் விசாரிக்கின்றனர். விடுதி உணவு எத்தனை மணிக்கு, இரவுப் பணி எவ்வாறு, உடல்நலம் குன்றினால் யார் பார்ப்பார் என்பவற்றையும் கேளுங்கள். மகள் விடுமுறைக்கு வந்து திரும்பும்போது கடலை உருண்டை, எள்ளுருண்டை, சத்துமாவு கொடுத்தனுப்புங்கள். வீட்டுக்கு வந்த இரண்டு நாள்களில் முதல் நாள் அவள் உறங்கட்டும்.

நோயாளிகளும் உதவலாம். இருமும்போது வாயை மூடுங்கள். முன்பு காசநோய்க்கு மருந்து உட்கொண்டிருந்தால் மறைக்காமல் கூறுங்கள். கடைக்குச் சென்றுவரும் வேலைகளை மாணவியரிடம் ஏவாதீர்கள். அவர்கள் உணவு இடைவேளைக்குச் செல்லும்போது, அவசரமில்லாத தேவையாயின் இருபது நிமிடம் பொறுத்திருங்கள். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இரத்தப்போக்கு, மயக்கம் என்றால் மட்டும் தயங்காமல் உடனே அழையுங்கள். பணியிலுள்ள செவிலியர் வருவார்.

உடனிருந்து கவனிக்கும் உறவினர்களே, மேலே கூறியவற்றைப் படிக்கும்போது உங்கள் நிலையும் அதுவே என்று தோன்றியிருக்கும். நோயாளிக்கு வாங்கிய இட்லியில் மீதியை உண்டு, நாற்காலியில் அரைத்தூக்கம் தூங்கி, கழிவறைக்கு அஞ்சி நீரைக் குறைத்து நாள்களைக் கழிக்கிறீர்கள். உங்களுக்கும் இதே விதிகள்தாம்: ஆள் மாற்றி உறங்குங்கள், வேளைக்கு உண்ணுங்கள், உங்களுடைய சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டில் விட்டு வராதீர்கள். நீங்கள் விழுந்துவிட்டால் நோயாளியைப் பார்க்க ஆளில்லை.

நம் பகுதியில் ஒருவரைக் கண்டால் முதலில் கேட்பது “சாப்டியாம்மா?” என்பதுதான். அடுத்த முறை ஒரு மாணவி உங்கள் படுக்கையருகே இரத்த அழுத்தம் பார்க்க வரும்போது அதைக் கேளுங்கள். “இன்னும் இல்லைங்க” என்றால், வேலையை முடித்ததும் பேச்சை வளர்க்காமல் அவளை அனுப்பிவையுங்கள். உங்கள் கருத்தை மருத்துவமனைக்கு எழுதித் தரும்போது, மாணவியர் வேளைக்கு உண்ண வழி செய்யுமாறும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். நாங்கள் சொல்வதைவிட நீங்கள் எழுதும் அந்த ஒரு வரிக்கு வலிமை அதிகம்.